வீட்டிலேயே காடை பொரிப்பு: முட்டை முதல் மூன்றாம் வாரம் வரை

காடை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது முட்டையைப் பொரிக்கவைக்கும் இன்குபேட்டர் மெஷினின் விலையைத்தான். எந்த மெஷின் நல்லது, எத்தனை முட்டை பிடிக்கும், தானாக உருட்டுமா என்று நாலு இடத்தில் விசாரித்து வாங்கியும் விடுவார்கள். பொரித்த குஞ்சை எதில் விடப்போகிறீர்கள் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். காடையில் இழப்பு அதிகம் வருவது மெஷினுக்கு வெளியே, முதல் பத்து நாளில். அதனால் இந்தக் கட்டுரையில் மெஷினைவிடக் குஞ்சுப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன். பெட்டி தயாராகாமல் முட்டை வாங்கப் போகவேண்டாம்.

இங்கே காடை என்று சொல்வது பண்ணைகளில் வளரும் ஜப்பானியக் காடையை. 1974-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்து இசத்நகருக்கு வந்த பறவை இது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதிலிருந்து நம் பக்கத்துக்கென்று நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகிய இறைச்சி ரகங்களை உருவாக்கியிருக்கிறது. காட்டில் வலை வீசிப் பிடித்துச் சாலையோரம் விற்கும் காடை, கௌதாரி வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

முட்டை எங்கே வாங்குவது

டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் காடை முட்டையை வாங்கி அடை வைக்கலாமா? இந்தக் கேள்வி தினமும் வரும். வைக்கலாம், கூமுட்டைதான் மிஞ்சும். சாப்பாட்டு முட்டைக்காக வளர்க்கும் கூண்டுகளில் பெரும்பாலும் சேவலே இருக்காது; சேவல் இல்லாவிட்டால் கரு கூடாது. அப்படியே கரு கூடியிருந்தாலும் குளிர்ப்பெட்டியில் பல நாள் இருந்த முட்டையில் உயிர் மிச்சமிருப்பது அபூர்வம்.

தாய்க்காடை வைத்திருக்கும் பண்ணையில்தான் வாங்கவேண்டும். போன உடனே விலை பேசாமல் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை? இரண்டு அல்லது மூன்று என்றால் நல்லது. ஐந்து ஆறு என்றால் கரு கூடாத முட்டை நிறைய வரும். தாய்க்காடைகளுக்கு எத்தனை வாரம்? 10 வாரத்திலிருந்து 28 வாரம் வரைக்கும் நல்ல பருவம். புதிதாக முட்டையிடத் தொடங்கிய பெட்டையின் முட்டை சின்னதாக இருக்கும், குஞ்சும் நோஞ்சானாக வரும். மூன்றாவது, இது என்றைக்கு இட்ட முட்டை? ஒரு வாரத்துக்குள் என்றால் வாங்குங்கள். "எல்லாம் ஃப்ரெஷ் முட்டைதாங்க" என்பது பதில் ஆகாது, தேதி வேண்டும்.

முட்டை ஒவ்வொன்றும் 9 முதல் 11 கிராம் இருக்கும். விரிசல் விட்டது, கூம்பிப்போனது, ஓடு மணல் மாதிரி சொரசொரப்பாக இருப்பது, புள்ளியே இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் லேசாகத் துடைக்கலாம், கழுவக்கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் கிருமியைத் தடுக்கிறது; தண்ணீர் பட்டால் அது போய்விடும்.

பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் காடை முட்டைக்கான டிரேயில், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். சீட்டுக்கு அடியில் வேண்டாம், அங்கேதான் அதிர்ச்சி அதிகம். வீட்டுக்கு வந்ததும் மெஷினில் போட்டுவிடாமல், ஓர் இரவு அதே நிலையில் ஓரமாக வைத்திருந்தால் உள்ளே பருத்த முனைப் பக்கம் காற்று நிற்கும் காற்றறை, குலுங்கியது அமைதியாகும். நாலைந்து நாள் சேர்த்து வைக்கவேண்டி வந்தால், ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். அறை வெப்பம் 27, 28 டிகிரிக்கு மேல் இருந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி அப்படியே செத்துப்போகும். நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் பொரிப்பு குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் முறை 30 முதல் 50 முட்டை போதும். அதற்கும் குறைவாக வைத்தால், கூமுட்டை போக, பாதி சேவல் போக, கையில் நிற்கிற பெட்டைகளை எண்ணினால் மனசு விட்டுப்போகும். வீட்டு மெஷினில் 100-க்கு 60, 70 பொரித்தால் நல்ல பொரிப்பு. தொண்ணூறு எடுத்தேன் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கூமுட்டையைக் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்கிறவர்கள்.

நாட்டுக்கோழியை அடை வைத்துப் பொரிக்கலாமே என்று கிராமத்தில் கேட்பார்கள். காடையே அடை படுக்காதா என்றும் கேட்பார்கள். பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஜப்பானியக் காடைக்கு அடை படுக்கும் குணம் கிட்டத்தட்ட போயே போய்விட்டது. முட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நடந்துவிடும். நாட்டுக்கோழி படுக்கும். ஆனால் காடை முட்டையின் ஓடு மெல்லியது, கனத்த கோழி மிதித்தால் நொறுங்கும். 17-ஆம் நாளில் காலுக்கடியில் ஓடும் அரைவிரல் குஞ்சைத் தன் குஞ்சு என்று எல்லாக் கோழியும் ஏற்றுக்கொள்வதும் இல்லை. எடை குறைந்த, சாதுவான பெட்டை இருந்தால் 15 முட்டை வைத்துப் பார்க்கலாம். மற்றபடி மெஷின்தான்.

மெஷினை முதலில் சோதித்துப் பாருங்கள்

கடையில் வாங்கினாலும் சரி, தெர்மோகோல் பெட்டி, பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போட்டு நீங்களே செய்தாலும் சரி, திரையில் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு டிகிரி வித்தியாசம் காட்டும் தெர்மோஸ்டாட்டுகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன, காடைக்கு ஒரு டிகிரி பெரிய விஷயம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்குமே, அதை முட்டை இருக்கும் உயரத்தில் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய வெப்பம் அதன் அளவுக்குள்ளேயே வருகிறது, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியானது இல்லை.

ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாததென்றால் முட்டையின் மேல்பக்க உயரத்தில் 38.3 முதல் 38.9 வரை இருக்கலாம், ஏனென்றால் அதில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக அடுக்கடுக்காக நிற்கும். புதிதாக வாங்குகிறவர்கள் ஃபேன் உள்ளதையே வாங்குங்கள்.

ஈரப்பதமானியைச் சோதிக்க ஒரு சின்ன வேலை. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் ஒரே ஜிப் கவரில் காற்றுப் போகாமல் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

முட்டை வைப்பதற்கு முன் 24 மணி நேரம் மெஷினை வெறுமையாக ஓட்டுங்கள். ஜன்னல் வெயில், ஏசி காற்று, சமையலறைச் சூடு படாத அறையில் வையுங்கள். மதிய வெயில் நேராக மெஷின் மேல் விழுந்தால் பல்பு அணைந்த பின்னும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். குளிரைக் கரு ஓரளவு தாங்கும், சூட்டைத் தாங்காது. 40 டிகிரியைத் தாண்டினால் கொஞ்ச நேரத்திலேயே மொத்தமும் போய்விடும்.

முதல் பதினான்கு நாள்

நாள் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மறுநாள்தான் முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை மாலை வைத்தால் அடுத்ததற்கு அடுத்த ஞாயிறு 14-ஆம் நாள். அன்றோடு உருட்டுவதை நிறுத்தவேண்டும். அதற்கடுத்து வரும் புதன் 17-ஆம் நாள், பெரும்பாலான குஞ்சு அன்று வரும். செவ்வாய் இரவே சில ஓடு உடைக்கும், வியாழன் வரை சில இழுக்கும். ஞாயிறு மாலையில் வைத்தால் கிழமையை வைத்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே சிபாரிசு செய்வேன்.

தானாக உருட்டும் மெஷினில் கோழி முட்டைக்கான தட்டு இருந்தால் காடை முட்டை குழிக்குள் விழுந்து புரளாமல் கிடக்கும், காடைக்கான தட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கையால் உருட்டுவதென்றால் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பேனா, மார்க்கர் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை என்று ஒற்றைப்படையில் உருட்டினால், இரவு நெடுநேரம் கிடக்கும் பக்கம் தினமும் மாறும். உருட்டாமல் விட்டால் கரு ஓட்டுச்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தொடுங்கள்.

ஈரப்பதம் முதல் 14 நாளுக்கு 45 முதல் 55 சதவீதம். இதற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் அறைக்காற்று 30 டிகிரியில் 70 சதவீத ஈரத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று மெஷினுக்குள் போய் 37.7 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு வந்து நிற்கும். சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே கணக்குச் சரியாகிவிடுகிறது. தர்மபுரி, கரூர்ப் பக்கம் வறண்ட கோடையில் 35 டிகிரியும் 30 சதவீதமும் இருக்கும் காற்று உள்ளே போனால் 26 சதவீதம்தான் தேறும், அங்கே தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். யூடியூபில் ஒருவர் தினமும் அரை டம்ளர் ஊற்றச் சொன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். ஈரம் அதிகமானால் முட்டைக்குள் இருக்கும் நீர் வெளியேறாமல், காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதி, ஓட்டை உடைக்கத் திரும்ப இடமில்லாமல் உள்ளேயே செத்துவிடும்.

மீட்டரை நம்பாதவர்களுக்கு எடை ஒரு நல்ல சாட்சி. வைக்கும் நாளில் பத்து முட்டையைச் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 100 கிராம் இருந்தது 14-ஆம் நாளில் 87 முதல் 90 கிராமுக்குள் வந்திருக்கவேண்டும். 93-லேயே நின்றால் ஈரம் கூடிப்போயிருக்கிறது. 84-க்கு இறங்கிவிட்டால் வறண்டுவிட்டது.

டார்ச் அடித்துக் கரு பார்ப்பது கோழி முட்டைக்குச் சுலபம். காடை ஓட்டில் இருக்கும் கறுப்புத் திட்டுகள் பாதியை மறைத்துவிடும். வெளிர்நிற முட்டை சிலவற்றை எடுத்து 8-ஆம் நாள் இருட்டில் செல்போன் டார்ச் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே இருண்டு, மேலே காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தால் வளர்கிறது. ஆர்வத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நாற்றம் வருகிற முட்டையை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், உள்ளே வெடித்தால் மற்றதையும் கெடுக்கும்.

கரண்ட் போனால்? ஓரிரு மணி நேரம் என்றால் மெஷினைத் திறக்காமல் கம்பளியால் மூடிவிடுங்கள், முதல் வாரத்தில் கவலையே வேண்டாம். கடைசி நாட்களில் கருவுக்குக் காற்று அதிகம் தேவை, காற்றுத்துளையை மூடாமல் போர்த்துங்கள். நெடுநேரம் வராது என்று தெரிந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி, முட்டையில் படாமல் உள்ளே வைக்கலாம். முட்டைக்கு முன்னால் ஒரு சின்ன இன்வெர்ட்டருக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

கடைசி மூன்று நாள்: கை வைக்காதீர்கள்

14-ஆம் நாள் மாலை முட்டைகளைத் தட்டிலிருந்து எடுத்துக் கிடையாகப் பரப்புங்கள். அடியில் சொரசொரப்பான ரப்பர் வலையோ பருத்தித் துணியோ இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கம்பி வலை போடுங்கள்; பிறந்த குஞ்சு முதல் அரைமணி நேரத்தில் விழுந்து சாவது அதில்தான். ஃபேன் இடுக்கையும் வலையால் மறைக்கவேண்டும். இப்போது ஈரப்பதம் 65 முதல் 70. ஆழமாக ஊற்றிப் பயனில்லை, தண்ணீரின் பரப்பு அகலமாக இருந்தால்தான் ஈரம் ஏறும். அகலத் தட்டும், அதில் நிற்கவைத்த ஸ்பாஞ்சும் போதும்.

அப்புறம் மூடியைத் திறக்காதீர்கள்.

16-ஆம் நாள் இரவு காதை மெஷினில் வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. ஒட்டியிருக்கும் முட்டைகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பொரிப்பதற்கு இதுதான் காரணம். பருத்த முனைப் பக்கம் நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல் விழும். அதற்குப் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. புதியவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். உள்ளே குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடப் பழகிக்கொண்டிருக்கிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று கீறல் ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். அலகு நுனியில் இருக்கும் வெள்ளைப் பல்லால் ஒரு குத்து, உடம்பை ஒரு திருப்பு, மறுபடி ஒரு குத்து. வட்டம் முடிந்ததும் காலை உதைத்தால் ஓட்டின் தொப்பி அப்படியே திறந்துகொள்ளும். நனைந்து சுருண்ட ஒரு பிராணி வெளியே விழுந்து, எழுந்து, பக்கத்து முட்டை மேல் ஏறி உருட்டிவிட்டுப் போகும். உருட்டட்டும், ஒன்றும் ஆகாது.

ஓடு உடைக்கச் சிரமப்படுகிறதே என்று உதவி செய்யப் போகாதீர்கள். ஓட்டுச்சவ்வில் இன்னும் ரத்த ஓட்டம் இருக்கும், பிய்த்தால் ரத்தம் கசிந்து சாகும். நீங்கள் ஒரு குஞ்சுக்காகத் திறக்கும் அரை நிமிடத்தில் ஈரம் இறங்கி, கீறல் விட்டிருக்கும் மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து தோல் மாதிரி இறுகிவிடும். ஒன்றைக் காப்பாற்றப் போய் ஐந்தை இழப்பது இப்படித்தான்.

உடம்பு காய்ந்து பஞ்சு மாதிரி உப்பிய பிறகு, மொத்தமாக எடுத்துப் பெட்டிக்கு மாற்றுங்கள். வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் ஒரு நாள் தீனி இல்லாமல் தாங்கும், ஆனாலும் காடையை 24 மணி நேரத்துக்கு மேல் மெஷினில் விடவேண்டாம். 19-ஆம் நாள் மாலைவரை பார்த்துவிட்டு மிச்ச முட்டையை எடுத்துப் புதைத்துவிடலாம்.

குஞ்சுப் பெட்டி

குஞ்சு 7, 8 கிராம்தான். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை. இவ்வளவு சின்ன உடம்பில் சூடு தங்காது. கோழிக்குஞ்சு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் குளிரில் இது பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். அதனால் முதல் முட்டையில் கீறல் விழுந்த அன்றே பெட்டியில் பல்பைப் போட்டுச் சூடாக்கி வைத்திருக்கவேண்டும்.

50 குஞ்சுக்கு இரண்டரை அடிக்கு இரண்டடி அட்டைப்பெட்டி முதல் இரண்டு வாரத்துக்குத் தாராளம். நாலு மூலையிலும் அட்டையை வளைத்து ஒட்டி வட்டமாக்கிவிடுங்கள். குளிரிலோ பயத்திலோ குஞ்சுகள் மூலையில் ஏறி மிதித்து, அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். தெர்மோகோல் பெட்டி சூடு காக்கும் என்று பலர் பயன்படுத்துகிறார்கள். குஞ்சு அதைக் கொத்திக் கொத்தித் தின்னும், பல்பு பக்கத்தில் இருந்தால் உருகும். எனக்கு அது பிடிக்காது.

பல்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் பல்பு என்று கேட்டால் இப்போது எல்இடிதான் எடுத்துக் கொடுப்பார்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. இழை உள்ள பழைய குண்டு பல்பு 60 அல்லது 100 வாட் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் செராமிக் ஹீட்டர் இருக்கும். அதற்கு வெளிச்சம் கிடையாது, சின்ன எல்இடி ஒன்றைக் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பை அட்டைப்பெட்டியில் மாட்டுவது தீயை அழைப்பது. எதுவானாலும் இரண்டு பல்பாக மாட்டுங்கள், ஒன்று நடுராத்திரியில் ஃபியூஸ் போனால் இன்னொன்று இருக்கும்.

பல்பு பெட்டியின் நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக இருக்கட்டும். சூடு வேண்டும் குஞ்சு பக்கத்தில் வரும், போதும் என்றால் தள்ளிப்போகும். பல்புக்குக் கீழே குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 35 முதல் 36 டிகிரி, இரண்டாம் வாரம் 32, மூன்றாம் வாரம் 29 என்று கயிற்றை ஏற்றி ஏற்றிக் குறையுங்கள். தெர்மாமீட்டர் ஒரு முறை பார்த்தால் போதும், அப்புறம் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவியலாக நெருக்கிக்கொண்டு இடைவிடாமல் கத்தினால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டிருந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. பரவலாகப் படுத்துக் கால் நீட்டித் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம். மே மாதச் சேலத்தில் பகலில் பல்பே தேவைப்படாது. அதே நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தேவைப்படும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பகலிலும் உண்டு.

தரைக்கு முதல் நாலைந்து நாள் சாக்கு அல்லது சொரசொரப்பான பழைய துணி. வெறும் செய்தித்தாள் வழுக்கும். வழுக்கினால் கால் இரண்டு பக்கமும் விரிந்து, குஞ்சு தவளை மாதிரி கிடக்கும். அப்படி ஒன்றிரண்டு வந்தால் இரண்டு காலையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பளி நூலால் தளர்வாக இணைத்துக் கட்டி இரண்டு நாள் விடுங்கள், ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐந்தாம் நாளுக்கு மேல் உமியோ கடலைத்தோலோ போடலாம். முதல் நாளே உமி போட்டால் தீனி என்று நினைத்து அதைத் தின்னும். கூளம் பூஞ்சை பிடித்ததாக இருக்கக்கூடாது, குஞ்சின் நுரையீரலைத் தாக்கும். மழைக்காலத்தில் நனைந்த கூளத்தை அன்றன்றே மாற்றுங்கள்.

நான்காம் நாளே தத்தித் தாவும், பத்தாம் நாள் பறக்கும். மேலே வலை கட்டுங்கள். வலைக்கண் பெரிதாக இருந்தால் எலி வரும், ஒரே இரவில் பாதியை இழுத்துக்கொண்டு போய்விடும். பூனை, சாரைப்பாம்பு எல்லாம் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி எறும்பு. தீனிச் சிதறலுக்கு வந்து, படுத்திருக்கும் குஞ்சின் கண்ணையும் ஆசனவாயையும் கடிக்கும். பெட்டியை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, பெஞ்சின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்; தண்ணீரில் சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும். எறும்பு மருந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

தண்ணீர் முதலில், தீனி அப்புறம்

பெட்டிக்கு மாற்றும்போதே ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒரு முறை தொட்டு விடுங்கள். ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துக் குடிக்கும் என்றாலும் இந்த வேலையைத் தவிர்க்கவேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய, வெதுவெதுப்பான தண்ணீர்; பானைத் தண்ணீரின் சில்லென்ற குளிர்ச்சி ஆகாது. முதல் நாள் கொஞ்சம் சர்க்கரையோ எலக்ட்ரோலைட் பொடியோ கலக்கலாம்.

கோழிக்குஞ்சுத் தண்ணீர்க் குடுவையின் விளிம்பில் அரை அங்குலம் தண்ணீர் நின்றாலே காடைக்குஞ்சு மூழ்கிவிடும். முழுக்க மூழ்கவே வேண்டியதில்லை, நனைந்தாலே குளிரில் சுருண்டுவிடும். விளிம்பு முழுக்கக் கோலிக்குண்டோ கழுவிய கூழாங்கல்லோ நிரப்பி, இடுக்கில் மட்டும் தண்ணீர் தெரியும்படி வையுங்கள். பத்து நாள் போனதும் எடுத்துவிடலாம். நனைந்த குஞ்சைப் பார்த்தால் துணியால் ஒற்றி, கையில் பொத்திப் பல்புச் சூட்டில் காட்டினால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும்.

தீனியில் புரதம் குறையக்கூடாது. காடைக்குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 27 சதவீதப் புரதம் உள்ள தீவனம் சிபாரிசு செய்யப்படுகிறது. காடைத் தீவனம் எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் கறிக்கோழிக் குஞ்சுக்கு முதல் நாட்களில் போடும் பிராய்லர் ப்ரீ-ஸ்டார்ட்டர் தீவனம் வாங்குங்கள், அதில் 22, 23 சதவீதம் இருக்கும். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி ரவைப் பதத்துக்குக் கொண்டுவரவேண்டும், முழு மணி தொண்டையில் இறங்காது. குறையும் புரதத்துக்கு 50 குஞ்சுக்கு ஒரு கோழி முட்டையை நன்றாக வேகவைத்து உதிர்த்து முதல் வாரம் தினமும் கொடுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடாவிட்டால் புளித்துக் கழிச்சல் வரும். நாட்டுக்கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடித்துப் போடும் வழக்கம் இருக்கிறதே, அது ஒரு வாரம் ஆன காடைக்கும் நல்ல தீனி. நொய்யும் கம்பும் மட்டும் போட்டு வளர்த்தால் வளர்ச்சி நின்று கால் வலுவிழந்துவிடும்.

முதல் இரண்டு நாள் தீனியைச் சாக்கின் மேலேயே தூவுங்கள். பிறகு தாழ்ந்த விளிம்புள்ள தட்டு. ஐந்து வாரம் வளர ஒரு காடை சுமார் அரைக்கிலோ தீவனம் தின்னும், 50 குஞ்சுக்கு 25 கிலோ மூட்டை ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் சில நாள் இரவும் வெளிச்சம் இருக்கட்டும்.

பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். ஒன்றையொன்று விரலில் கொத்தத் தொடங்கினால் இடம் போதவில்லை அல்லது வெளிச்சம் அதிகம். ரத்தம் வந்த குஞ்சை உடனே பிரித்துவிடவேண்டும், ரத்தத்தைப் பார்த்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். என்னதான் பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் முதல் வாரத்தில் 100-க்கு ஐந்து பத்து போவது வழக்கம்தான். நாலாம் நாளுக்கு மேல் தொடர்ந்து செத்தால், ரத்தக்கழிச்சல் தெரிந்தால், செத்த குஞ்சை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் கலக்குவது வேண்டாத வேலை.

மூன்று வாரம் ஆனபின்

மூன்றாம் வாரக் கடைசியில் இறகு முளைத்துவிடும், சமவெளியில் பல்பை நிறுத்திவிடலாம். நெஞ்சுப் பகுதியைப் பார்த்தால் ஆண் பெண் தெரியும். செம்பழுப்பாக, புள்ளி இல்லாமல் இருந்தால் சேவல். வெளிறிய நிறத்தில் கறுப்புப் புள்ளிகள் தெளித்திருந்தால் பெட்டை. வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் உதவாது, ஆறாம் வாரம்வரை பொறுத்திருந்து, ஆசனவாய்க்கு மேலே அழுத்தினால் வெள்ளை நுரை வருகிறதா என்று பார்க்கவேண்டும், வந்தால் சேவல்.

கூண்டுக்கு மாற்றும்போது நாலடிக்கு இரண்டரை அடிக் கூண்டில் 50 காடை வைக்கலாம். மிரண்டால் செங்குத்தாக எகிறும் பறவை இது, ஒன்றரை இரண்டடி உயரக் கூண்டில் முட்டி மண்டை உடையும். கூரையில் கம்பிக்குப் பதில் மெல்லிய வலை கட்டிவிட்டால் அடி படாது.

பெட்டைகள் ஆறு ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், பெரும்பாலும் மாலை நேரத்தில். அடுத்த அடைக்கு உங்கள் முட்டையையே வைக்க நினைத்தால் சேவலை மட்டும் வேறொரு பண்ணையிலிருந்து வாங்குங்கள். உடன்பிறந்தவற்றை இணைய விட்டால் காடையில் ஓரிரு தலைமுறையிலேயே பொரிப்பு மளமளவென்று சரியும். உங்களிடம் மிஞ்சும் சேவல்களை ஐந்தாவது வாரமே விற்றுவிடுங்கள், அதற்கு மேல் தின்னும் தீவனத்துக்கு எடை ஏறாது, பெட்டிக்குள் சண்டைதான் ஏறும்.